ஓடிடி காலத்தில் ஸ்டார் ட்ரெக்

ஸ்டார் ட்ரெக் என்பது 1966 ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ஓர் அறிவியல் புனைவுத் தொடர்க் குடும்பம் ஆகும். ஜீன் ராடன்பெரி இதை உருவாக்கினார். ஒரே கற்பனை உலகில் நிகழும் பல தொலைக்காட்சித் தொடர்கள், திரைப்படங்கள், அசைவூட்டத் தொடர்கள் இக்குடும்பத்தில் அடங்கும். 2005 ஆம் ஆண்டு தொலைக்காட்சியிலிருந்து மறைந்த இது, 12 ஆண்டுகள் கழித்து 2017 ஆம் ஆண்டு இணையவழிச் சந்தாத் தளத்தில், அதாவது இன்று நாம் ஓடிடி என்று அழைக்கும் ஊடகத்தில், மீண்டும் உயிர்பெற்றது. அடுத்த எட்டு ஆண்டுகளில் ஆறு புதிய தலைப்புகளும் ஒரு தொலைக்காட்சித் திரைப்படமும் வெளிவந்தன. இவ்வளவு வேகமான விரிவாக்கம் ஏன் நிகழ்ந்தது, அதனால் கதைகள் எப்படி மாறின, விரிந்தது பிறகு ஏன் சுருங்கியது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முன்வரலாறு

முதல் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று என்பிசி அலைவரிசையில் தொடங்கியது. கேப்டன் கிர்க், வல்கன் கோளைச் சேர்ந்த ஸ்போக், மருத்துவர் மெக்காய் ஆகியோர் எண்டர்பிரைஸ் என்னும் விண்கலத்தில் புதிய உலகங்களைத் தேடிச் செல்வதே கதை. பார்வையாளர் எண்ணிக்கை குறைவாக இருந்ததால் இரண்டாம் பருவத்துடன் தொடர் நிற்கும் நிலை வந்தது. ரசிகர்கள் கடிதம் எழுதும் இயக்கம் நடத்தி மூன்றாம் பருவத்தைப் பெற்றனர். ஆனால் அலைவரிசை அதை வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்குத் தள்ளியது. இளைஞர்கள் வீட்டில் இருக்காத நேரம் அது. 79 அத்தியாயங்களுடன் 1969 ஆம் ஆண்டு தொடர் முடிந்தது.

அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியாமல் போனதற்குக் காரணம் மறு ஒளிபரப்பு. அமெரிக்காவில் பழைய தொடர்களை உள்ளூர் நிலையங்களுக்குத் தனித்தனியே விற்கும் முறை உண்டு. 1970களில் ஊர் ஊராக, மாலை நேரங்களில் இந்த 79 அத்தியாயங்களும் திரும்பத் திரும்ப ஓடின. முதல் ஒளிபரப்பில் தவறவிட்டவர்கள் அப்போதுதான் இதைக் கண்டடைந்தனர். ரசிகர் மாநாடுகள் பெருகின. 1976 ஆம் ஆண்டு நாசா தன் முதல் சோதனை விண்ணோடத்துக்கு எண்டர்பிரைஸ் என்று பெயர் வைக்கும் அளவுக்கு ரசிகர்களின் கடிதங்கள் வெள்ளை மாளிகையில் குவிந்தன.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். இத்தொடரின் புகழைக் கண்ட பாரமவுண்ட் நிறுவனம், 1977 ஆம் ஆண்டு சொந்தமாக ஒரு தொலைக்காட்சி வலையமைப்பைத் தொடங்கத் திட்டமிட்டது. அதன் முதன்மைக் கவர்ச்சியாக ஸ்டார் ட்ரெக் இரண்டாம் கட்டம் என்னும் புதிய தொடர் அறிவிக்கப்பட்டது. வலையமைப்புத் திட்டம் கைவிடப்பட்டது; அதற்கென எழுதப்பட்ட முதல் கதை 1979 ஆம் ஆண்டு திரைப்படமாக மாறியது. (அதில் ஐலியா என்னும் பாத்திரத்தில் நடித்த பெர்சிஸ் கம்பாட்டா இந்தியர், 1965 ஆம் ஆண்டின் மிஸ் இந்தியா.) பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1995 ஜனவரி 16 அன்று, அதே பாரமவுண்ட் யூபிஎன் என்னும் வலையமைப்பைத் தொடங்கியது. முதல் நாள் ஒளிபரப்பானது ஸ்டார் ட்ரெக் வாயேஜர். 2017 ஆம் ஆண்டு சிபிஎஸ் நிறுவனம் தன் சந்தாத் தளத்தை நிலைநிறுத்த முயன்றபோதும் இதே உத்தியைத்தான் கையாண்டது. புதுக் கடை திறக்கும்போதெல்லாம் வாசலில் கட்டப்படும் வாழைமரமாக ஸ்டார் ட்ரெக் பயன்பட்டிருக்கிறது. ஓடிடி காலத்து விரிவாக்கத்தையும் பிந்தைய சுருக்கத்தையும் புரிந்துகொள்ள இதுவே திறவுகோல்.

வாயேஜருக்கு முன்பே நெக்ஸ்ட் ஜெனரேஷன் (1987–1994), டீப் ஸ்பேஸ் நைன் (1993–1999) ஆகிய தொடர்கள் வந்திருந்தன. வாயேஜருக்குப் பின் எண்டர்பிரைஸ் (2001–2005) வந்தது. இந்த நான்கும் சேர்ந்து 18 ஆண்டுகளில் 600க்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். பார்வையாளர்கள் சலித்துப்போனார்கள் என்பது அன்றைய பொதுவான கருத்து. யூபிஎன் 2005 ஆம் ஆண்டு எண்டர்பிரைஸை நிறுத்தியது. அடுத்த ஆண்டே யூபிஎன்னும் இல்லாமல் போனது.

உரிமைப் பிரிவினை

12 ஆண்டு இடைவெளிக்குச் சலிப்பு மட்டும் காரணமன்று. 2005 ஆம் ஆண்டின் இறுதியில் வயாகாம் நிறுவனம் இரண்டாகப் பிரிந்தது. ஸ்டார் ட்ரெக் சொத்தும் அண்ணன் தம்பி பாகப்பிரிவினைபோல் பிரிக்கப்பட்டது. தொலைக்காட்சித் தொடர்களின் உரிமை சிபிஎஸ் நிறுவனத்துக்கும், திரைப்படங்களைத் தயாரிக்கும் உரிமை பாரமவுண்டை வைத்துக்கொண்ட புதிய வயாகாமுக்கும் சென்றன. ஜே. ஜே. ஆப்ராம்ஸ் இயக்கிய 2009 ஆம் ஆண்டுத் திரைப்படம் பெருவெற்றி பெற்றது. ஆனால் அதன் தொடர்ச்சியைச் சின்னத்திரையில் கொண்டுவர எளிய வழி இருக்கவில்லை, ஏனெனில் அவை இரு வேறு நிறுவனங்கள். அப்படத்தின் கதையே காலப்பயணத்தால் பிரிந்த ஒரு மாற்று வரலாற்றில் நிகழ்வதாக அமைந்தது. இவ்விரு நிறுவனங்களும் 2019 டிசம்பரில் மீண்டும் இணைந்தன. இணைந்த நிறுவனம் 2022 ஆம் ஆண்டு பாரமவுண்ட் குளோபல் என்று பெயர் மாற்றம் பெற்றது.

சந்தாவின் கணக்கு

பழைய தொலைக்காட்சியில் வருமானம் விளம்பரத்திலிருந்து வரும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பதே கேள்வி. ஒரு தொடரைக் கோடிப் பேர் அரைமனத்தோடு பார்த்தாலும் விளம்பரதாரருக்குப் போதும். சந்தாத் தளத்தில் கேள்வி வேறு: இந்தத் தொடருக்காகவே எத்தனை பேர் மாதாமாதம் பணம் கட்டுவார்கள்? இங்கு அரைமனத்தோடு பார்ப்பவர் உதவமாட்டார். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் பிடிவாதமான ரசிகர் கூட்டம் உள்ள தொடரே தேவை. அத்தகைய கூட்டம் ஸ்டார் ட்ரெக்குக்கு அரை நூற்றாண்டாக இருந்தது.

சிபிஎஸ் ஆல் ஆக்சஸ் என்னும் தளம் 2014 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2015 நவம்பரில் அத்தளத்துக்காகப் புதிய ஸ்டார் ட்ரெக் தொடர் அறிவிக்கப்பட்டது. 2017 செப்டம்பர் 24 அன்று டிஸ்கவரி தொடரின் முதல் அத்தியாயத்தை நிறுவனம் தன் இலவசத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. கதை ஒரு போரின் விளிம்பில் நிற்க, அடுத்த அத்தியாயம் சந்தாத் தளத்தில் மட்டும் என்று அறிவித்தது. அன்று விளம்பரத்துடன் கூடிய மாதச் சந்தா 5.99 டாலர், விளம்பரமின்றி 9.99 டாலர். தளத்தில் ஒரே நாளில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கை அதுவரை இல்லாத உச்சத்தைத் தொட்டதாக நிறுவனம் தெரிவித்தது. அமெரிக்கா, கனடா தவிர்த்த 188 நாடுகளுக்கான உரிமையை நெட்ஃபிளிக்ஸ் வாங்கியது. இந்திய ரசிகர்களும் இதன்வழியே டிஸ்கவரியைப் பார்த்தனர். கதையில் வரும் கிளிங்கான் இனத்தவரின் கற்பனை மொழியிலேயே துணைத்தலைப்புகளை நெட்ஃபிளிக்ஸ் வழங்கியது இத்தொடர் குறித்த சுவையான செய்திகளில் ஒன்று.

சந்தாத் தளத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. ரசிகர் ஒரு மாதம் பணம் கட்டி, தொடர் முடிந்ததும் விலகிவிடலாம். அவரை விலகவிடாமல் வைத்திருக்க ஒரு ஸ்டார் ட்ரெக் தொடர் முடியும்போது மற்றொன்று தொடங்க வேண்டும். வாரம் ஓர் அத்தியாயம் என வெளியிடுவதும் இதற்காகத்தான். 2018 ஜூன் மாதம் அலெக்ஸ் கர்ட்ஸ்மன் என்பவருடன் சிபிஎஸ் ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. 2009 ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் எழுத்தாளர் இருவரில் ஒருவர் இவர். ஒரு தொடரைப் பல தொடர்களாக விரிப்பதே அவருக்கு அளிக்கப்பட்ட பணி.

டிஸ்கவரியும் வரலாற்றுச் சிக்கலும்

ஐம்பது ஆண்டு பழைமையான கற்பனை உலகில் புதுக்கதை சேர்ப்பது எளிதன்று. ஸ்டார் ட்ரெக் ரசிகர்கள் ஆண்டு வாரியாகக் கதை வரலாற்றை அறிந்தவர்கள். கிர்க்கின் பயணம் 23 ஆம் நூற்றாண்டின் 2260களில் நிகழ்கிறது. டிஸ்கவரி அதற்கு ஏறத்தாழ பத்தாண்டு முன்னதாக, 2256 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. ஆனால் 2017 ஆம் ஆண்டுத் தொழில்நுட்பத்தில் எடுக்கப்பட்ட விண்கலம் 1966 ஆம் ஆண்டின் அட்டைப்பலகைக் கலத்தைவிடப் பழையதாகத் தோன்ற முடியுமா? அதோடு நிற்கவில்லை. காளான் வித்து வலையமைப்பின்வழி நொடிப்பொழுதில் விண்வெளியைக் கடக்கும் இயந்திரம் ஒன்றும் இக்கலத்தில் இருந்தது. பிற்காலக் கதைகளில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. தலைமைப் பாத்திரமான மைக்கேல் பர்னம் (சொனேக்குவா மார்ட்டின்-கிரீன்) ஸ்போக்கின் வளர்ப்புச் சகோதரி. அப்படியொரு சகோதரி இருப்பதாக ஸ்போக் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. கிளிங்கான்களின் முகத்தோற்றமும் மாற்றப்பட்டது.

தயாரிப்பிலும் குழப்பம் இருந்தது. தொடரை உருவாக்கிய பிரையன் ஃபுல்லர் ஒளிபரப்புக்கு முன்பே பொறுப்பிலிருந்து விலகினார். அவருக்குப் பின் வந்த இருவர் 2018 ஆம் ஆண்டு நீக்கப்பட்டனர், கர்ட்ஸ்மனே பொறுப்பேற்றார்.

இரண்டாம் பருவத்தின் இறுதியில் கதாசிரியர்கள் கையாண்ட தீர்வு துணிச்சலானது. டிஸ்கவரி கலம் 900 ஆண்டுகளுக்கும் மேல் தாண்டி 32 ஆம் நூற்றாண்டுக்கு அனுப்பப்படுகிறது. பின்தங்கியவர்கள், அந்தக் கலத்தையோ அதன் இயந்திரத்தையோ பர்னத்தையோ இனி யாரும் பேசக்கூடாது என்று விண்படை ஆணையிடச் செய்கின்றனர். ஸ்போக்கின் மௌனத்துக்கு இப்படிக் காரணம் கிடைத்தது. இது சமாளிப்பு என்று சிலர் குறைகூறினர். இருப்பினும் முன்கதை எழுதுவதில் உள்ள அடிப்படைத் தடையை இது தெளிவாகக் காட்டுகிறது. பின்னால் நடந்தது முன்பே எழுதப்பட்டுவிட்டால், முன்னால் நடப்பதற்கு எல்லை உண்டு. 32 ஆம் நூற்றாண்டில் அந்த எல்லை இல்லை. அங்கே கோள்களின் கூட்டமைப்பே சிதறிக் கிடக்கிறது. அதை மீண்டும் கட்டியெழுப்புவது மூன்றாம் பருவத்தின் கதை.

முதல் தொடரின் காலத்தில் ஓர் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அதிகாரியையும் ஓர் ஆசிய அமெரிக்க அதிகாரியையும் கலத்தின் மேல்தளத்தில் அமர்த்தியது புதுமையாக இருந்தது. அந்த மரபில் டிஸ்கவரி கறுப்பினப் பெண்ணொருவரைத் தலைமைப் பாத்திரமாக்கியது. ஒருபால் இணையரையும் முதன்மைப் பாத்திரங்களில் சேர்த்தது.

பல வகைத் தொடர்கள்

கர்ட்ஸ்மன் ஒரே மாதிரியான பல தொடர்களை எடுக்கவில்லை; வெவ்வேறு வகைப் பார்வையாளருக்கு வெவ்வேறு தொடர் என்று திட்டமிட்டார். முதலில் வந்தவை ஷார்ட் ட்ரெக்ஸ் என்னும் குறும்படங்கள். பெரிய தொடர்களின் இடைவெளியை நிரப்ப 2018 முதல் 2020 வரை 10 குறும்படங்கள் வெளியாயின.

பிகார்ட் தொடர் 2020 ஜனவரியில் தொடங்கியது. நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் கேப்டன் பிகார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட், முதுமையில் பிரான்சின் திராட்சைத் தோட்டத்தில் வாழும் ஓய்வுபெற்ற தளபதியாக மீண்டும் நடித்தார். பழைய நண்பர்களை ஒன்றுகூட்டும் தொடராக இது இருக்காது என்பதே தொடக்க நிலைப்பாடு. முதல் பருவத்துக்கு நாவலாசிரியர் மைக்கேல் ஷேபன் பொறுப்பேற்றார். அது நிதானமான, சோகம் கலந்த படைப்பு. கலவையான வரவேற்பே கிடைத்தது. மூன்றாம் பருவத்தில் டெர்ரி மட்டாலஸ் பொறுப்பேற்றபோது நிலைப்பாடு தலைகீழானது. பழைய குழுவினர் அனைவரும் திரும்பினர். அவர்களின் பழைய கலத்தின் கட்டுப்பாட்டு அறை அப்படியே மீண்டும் அமைக்கப்பட்டது. ரசிகர்கள் கொண்டாடினர். முதல் பருவம் புதிதாகச் சொல்ல முயன்றதையும் மூன்றாம் பருவம் பழையதை அழகாகத் திருப்பித் தந்ததையும் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவர், ஏக்கம் எவ்வளவு வலிமையான வணிகப் பொருள் என்பதை உணர்வார்.

லோயர் டெக்ஸ் (2020–2024) பெரியவர்களுக்கான நகைச்சுவை அசைவூட்டத் தொடர். மைக் மக்மகன் உருவாக்கியது. மற்ற தொடர்கள் புதிய இனங்களை முதன்முதலில் சந்திக்கும் வீரக் கதைகள் என்றால், இதில் வரும் செரிட்டோஸ் கலத்தின் வேலை இரண்டாம் சந்திப்பு. பெரிய கலம் வந்து கைகுலுக்கிப் புகழ்பெற்றுச் சென்றபின், படிவங்களை நிரப்பிக் கருவிகளைப் பொருத்தும் வேலை. கடைநிலை அதிகாரிகள் நால்வரே நாயகர்கள். அலுவலகத்தில் அடிமட்டத்தில் வேலை பார்த்த எவருக்கும் இதன் நகைச்சுவை புரியும். கேலி செய்தபடியே மூலத்தை நேசிக்கும் படைப்பாதலால், 50 அத்தியாயங்களிலும் இதன் தரம் அதிகம் தளரவில்லை.

ஸ்டார் ட்ரெக்: ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் 2022 மே 5 அன்று தொடங்கியது. இதன் வரலாறு 1964 வரை செல்கிறது. அந்த ஆண்டு ராடன்பெரி எடுக்கத் தொடங்கிய முதல் முன்னோட்ட அத்தியாயத்தில் கேப்டன் கிர்க் இல்லை. கிறிஸ்டோபர் பைக் என்பவரே கேப்டன். ஜெஃப்ரி ஹண்டர் நடித்தார். அது மிகவும் அறிவுபூர்வமாக இருப்பதாக என்பிசி நிராகரித்துவிட்டு, வேறொரு முன்னோட்டம் கேட்டது. வீணான படச்சுருளைத் தூக்கி எறிய மனமில்லாமல், 1966 ஆம் ஆண்டு இரு பகுதிக் கதை ஒன்றில் அதைப் பழைய நினைவாகச் சேர்த்தனர். அதில் பைக் விபத்தில் உருக்குலைந்து, பேச்சிழந்து, இயந்திர நாற்காலியில் அடைபட்டவராக வருகிறார். சிக்கனத்துக்காகச் செய்த அந்த ஒட்டுவேலை அரை நூற்றாண்டு கழித்து ஒரு புதுத் தொடரின் அச்சாணியானது.

டிஸ்கவரியின் இரண்டாம் பருவத்தில் ஆன்சன் மவுண்ட் பைக்காக நடித்தார். அப்பருவத்தில் அவர் தம் எதிர்காலத்தை, அந்த நாற்காலியை, முன்கூட்டியே காண நேர்கிறது. விலகிக்கொள்ளும் வாய்ப்பு இருந்தும் கடமைக்காக அதை ஏற்கிறார். ரசிகர்கள் இவருக்குத் தனித் தொடர் வேண்டும் என்று மனு அனுப்பினர், நிறுவனமும் இசைந்தது. இன்னும் சில ஆண்டுகளில் தமக்கு நேரப்போவது என்ன என்று தெரிந்த ஒருவர், விருந்து சமைத்துப் பரிமாறி, இளைய அதிகாரிகளை வளர்த்து, ஒவ்வொரு நாளையும் எப்படி வாழ்கிறார் என்பதே இத்தொடரின் உள்ளோட்டம். முன்கதைக்கு இருந்த தடையே இங்கு பலமாகிவிட்டது. முடிவு தெரிந்திருப்பது பார்வையாளருக்கு மட்டுமன்று, நாயகருக்கும்தான்.

அமைப்பிலும் இது பழைய முறைக்குத் திரும்பியது. டிஸ்கவரியும் பிகார்டும் ஒரு பருவம் முழுவதும் நீளும் ஒரே கதையைச் சொன்னவை. ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் ஓர் அத்தியாயத்தில் ஒரு கதையை முடிக்கும். பாத்திரங்களின் உறவுகள் மட்டும் தொடரும். இதனால் துணிந்து சோதனைகள் செய்ய இடம் கிடைத்தது. 2023 ஆம் ஆண்டின் இரண்டாம் பருவத்தில் லோயர் டெக்ஸ் அசைவூட்டப் பாத்திரங்கள் இருவர் உயிருள்ள நடிகர்களாகவே இத்தொடருக்குள் வந்தனர். அதே பருவத்தில் ஓர் அத்தியாயம் முழுவதும் பாட்டாகவே நிகழ்ந்தது. ஸ்டார் ட்ரெக் வரலாற்றில் அது முதன்முறை. பாடல் இல்லாத படத்தைப் புதுமையாகக் கருதும் நம்மவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

ஒரே நாளில் மறைந்தவை

2021 மார்ச் 4 அன்று சிபிஎஸ் ஆல் ஆக்சஸ் தளம் பாரமவுண்ட் பிளஸ் என்று பெயர் மாறியது. நெட்ஃபிளிக்ஸுக்குப் போட்டியாக உலகெங்கும் விரிவது இலக்கு. தன் சொந்தக் கடைக்குச் சரக்கு வேண்டும் என்னும்போது அயலார் கடைக்கு விற்பது எதற்கு?

2021 நவம்பர் 16 அன்று, டிஸ்கவரியின் நான்காம் பருவம் தொடங்க இரண்டே நாள் இருந்தபோது, வெளிநாடுகளில் அது நெட்ஃபிளிக்ஸில் வராது என்ற அறிவிப்பு வெளியானது. முந்தைய மூன்று பருவங்களும் உடனே அகற்றப்பட்டன. தங்கள் நாட்டில் பாரமவுண்ட் பிளஸ் தொடங்கும்வரை ரசிகர்கள் காத்திருக்க வேண்டும். எந்தத் தளமும் இல்லாத நாடுகளில் காத்திருப்பதற்கு நாள் குறிக்கவும் வழியில்லை. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. சில நாட்களில் நிறுவனம் இறங்கிவந்து, ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் புளூட்டோ டிவி என்னும் இலவசத் தளத்திலும், வேறு சில நாடுகளில் அத்தியாயங்களை விலைக்கு வாங்கும் முறையிலும் வழிசெய்தது. எல்லா நாடுகளுக்கும் அந்த வழி கிடைக்கவில்லை.

இதைவிடக் கசப்பானது ப்ராடிஜி தொடருக்கு நேர்ந்தது. 2021 அக்டோபரில் தொடங்கிய இது குழந்தைகளுக்கான முப்பரிமாண அசைவூட்டத் தொடர். சிறைச் சுரங்கம் ஒன்றில் அடைபட்ட வெவ்வேறு இனச் சிறுவர்கள், கைவிடப்பட்ட ஒரு விண்கலத்தைக் கண்டெடுத்துத் தப்பிக்கின்றனர். ஸ்டார் ட்ரெக் என்றால் என்னவென்றே அறியாத அவர்களுக்கு, வாயேஜர் தொடரின் கேப்டன் ஜேன்வேயின் ஒளியுரு ஆசிரியராக அமைகிறது. கேட் மல்குரூவே குரல் கொடுத்தார். புதிய தலைமுறைக்கு நுழைவாயிலாக அமைந்த தொடர் இது.

2023 ஜூன் மாதம் பாரமவுண்ட் பிளஸ் இத்தொடரை ரத்துசெய்தது. இரண்டாம் பருவத்தின் தயாரிப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. ரத்துசெய்ததோடு நிற்காமல், ஏற்கெனவே வெளியான 20 அத்தியாயங்களையும் தளத்திலிருந்து நீக்கியது. நிறுவனம் தானே எடுத்து, தானே பணம் செலவழித்த படைப்பை ஏன் அகற்ற வேண்டும் என்று மாணவர்கள் கேட்கலாம். தளத்தில் உள்ள ஒவ்வொரு தொடரும் நிறுவனத்தின் கணக்கேட்டில் ஒரு சொத்து. அதை நீக்கிவிட்டால் அதன் மீதி மதிப்பை நட்டமாக எழுதிக்கொள்ளலாம், வரிச்சுமை குறையும். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் தொடர்ந்து கொடுக்க வேண்டிய பங்குத்தொகையும் மிச்சமாகும். வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி, டிஸ்னி ஆகிய நிறுவனங்களும் 2022, 2023 ஆண்டுகளில் இவ்வாறு செய்தன. யாரோ சில குழந்தைகள் ஒரு தொடரைப் பாதியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்குக் கணக்கேட்டில் பத்தி இல்லை.

ரசிகர்கள் மனு திரட்டினர். பணம் சேர்த்து, கோரிக்கைப் பதாகை கட்டிய சிறுவிமானத்தை லாஸ் ஏஞ்சலஸ் வானில் பறக்கவிட்டனர். 2023 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸ் தொடரை வாங்கியது. இரண்டாம் பருவத்தின் 20 அத்தியாயங்களும் 2024 ஜூலை 1 அன்று மொத்தமாக வெளியாயின. இடைப்பட்ட மாதங்களில் முதல் பருவத்தை முறையாகப் பார்க்க வழியிருந்தவர்கள், அதன் ப்ளூ-ரே தட்டுகளை வாங்கி வைத்தவர்களும் விலைகொடுத்துத் தரவிறக்கியவர்களுமே. 1969 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்ட 79 அத்தியாயங்கள் ஊர் ஊராக ஓடிப் பிழைத்ததோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அன்று ஒளிபரப்பியவர்கள் நூறு பேர். ஒருவர் நிறுத்தினாலும் இன்னொருவர் ஓட்டினார். இன்று திறவுகோல் ஒரே கையில் இருக்கிறது.

குறைந்த அத்தியாயங்கள்

நெக்ஸ்ட் ஜெனரேஷன் 178, டீப் ஸ்பேஸ் நைன் 176, வாயேஜர் 172, எண்டர்பிரைஸ் 98. இந்த நான்கின் கூட்டுத்தொகை 624; சராசரி 156. ஓடிடி காலத்தில் 2025 ஆம் ஆண்டு முடியும்வரை டிஸ்கவரி 65, லோயர் டெக்ஸ் 50, ப்ராடிஜி 40, பிகார்ட் 30, ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் 30, ஷார்ட் ட்ரெக்ஸ் 10. மொத்தம் 225. சராசரி 40 கூட இல்லை. (இரட்டை அத்தியாயங்களை எண்ணும் முறையைப் பொறுத்துப் பழைய தொடர்களின் எண்ணிக்கை சற்று மாறும்.) தொடர்கள் பெருகின, ஒவ்வொன்றின் ஆயுளும் குறைந்தது.

ஓர் அத்தியாயத்துக்கான செலவு கூடியது இதற்கு முதன்மைக் காரணம். திரைப்படத் தரத்தில் காட்சிகள், டொராண்டோ படப்பிடிப்பு நிலையத்தில் பின்னணியை உடனுக்குடன் காட்டும் மாபெரும் எல்இடி சுவர் என்று தோற்றம் பிரமாதமாக ஆனது. ஆனால் இழப்பும் உண்டு. பழைய முறையில் பருவத்துக்கு 26 அத்தியாயங்கள் எடுக்க வேண்டும், பணம் போதாது. எனவே சில அத்தியாயங்களைச் செலவில்லாமல், ஏற்கெனவே உள்ள அரங்கில், ஓரிரு நடிகர்களை வைத்து எடுப்பார்கள். 1993 ஆம் ஆண்டு டீப் ஸ்பேஸ் நைன் முதல் பருவத்தில் வந்த டூயட் என்னும் அத்தியாயம் பெரும்பாலும் சிறையறையில் இருவர் பேசிக்கொள்வதுதான். ஒருவர் அடக்குமுறைக்கு எதிராகப் போராடிய பெண். மற்றவர் போர்க்குற்றவாளி என்று ஐயப்படும் முதியவர். அத்தொடரின் மிகச் சிறந்த அத்தியாயங்களில் ஒன்றாக அது இன்றும் போற்றப்படுகிறது. பணமின்மை பெற்ற பிள்ளை அது.

இன்னொன்று, பழைய தொடர்கள் தவறு செய்து கற்றுக்கொள்ள அவகாசம் பெற்றன. நெக்ஸ்ட் ஜெனரேஷன் தன் நடையைக் கண்டடைந்தது மூன்றாம் பருவத்தில்தான் என்பது ரசிகர்கள் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வது. அதற்குள் 48 அத்தியாயங்கள் கடந்திருந்தன. ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தன் ஐந்து பருவங்களிலும் சேர்த்துப் பெறப்போவது 46.

சுருக்கம்

சந்தாதாரர் எண்ணிக்கையை எப்படியாவது பெருக்கினால் போதும் என்ற மனநிலை 2022 ஆம் ஆண்டுக்குப் பின் முதலீட்டாளர்களிடம் மாறியது. லாபம் எங்கே என்று கேட்கத் தொடங்கினர். 2023 ஆம் ஆண்டு எழுத்தாளர்களும் நடிகர்களும் நடத்திய வேலைநிறுத்தங்கள் தயாரிப்பைப் பல மாதங்கள் முடக்கின. பிகார்ட் 2023 ஏப்ரலில் முடிந்தது. டிஸ்கவரியின் ஐந்தாம் பருவத்தை எடுத்து முடித்தபிறகே அதுதான் இறுதி என்ற முடிவு வந்தது. கதையை முறையாக முடித்துவைக்கக் கூடுதல் காட்சிகள் எடுத்துச் சேர்க்கப்பட்டு, 2024 மே மாதம் அது நிறைவுற்றது. அதே ஆண்டு டிசம்பரில் லோயர் டெக்ஸ் முடிந்தது.

மிஷெல் யோவை நாயகியாகக் கொண்டு 2019 ஆம் ஆண்டு ஒரு தொடராக அறிவிக்கப்பட்ட செக்ஷன் 31, ஆறு ஆண்டு இழுபறிக்குப் பின் 2025 ஜனவரியில் ஒரே திரைப்படமாகச் சுருங்கி வெளிவந்தது. விமர்சகர்களும் ரசிகர்களும் அதை ஏற்கவில்லை. ஸ்டார் ட்ரெக்கின் அறவுணர்வு அதில் இல்லை என்பது முக்கியக் குறை. 2025 ஆகஸ்டில் பாரமவுண்ட், ஸ்கைடான்ஸ் நிறுவனத்துடன் இணைந்து புதிய நிர்வாகத்தின்கீழ் வந்தது. 2026 ஜனவரியில், 32 ஆம் நூற்றாண்டு விண்படை மாணவர்களைப் பற்றிய ஸ்டார்ஃபிளீட் அகாடமி தொடங்கியது. ஹாலி ஹண்டர் அதன் தலைமையாசிரியராக நடித்தார்.

ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் ஐந்தாம் பருவத்துடன் முடியும் என்று 2025 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. மற்ற பருவங்களுக்குப் பத்து அத்தியாயங்கள். இறுதிப் பருவத்துக்கு ஆறு மட்டும். இளம் கிர்க், ஸ்போக், உகூரா ஆகியோர் ஏற்கெனவே கதைக்குள் வந்துவிட்டனர். பைக் தம் இருக்கையைக் கிர்க்கிடம் ஒப்படைக்கும் நாளுக்கும் கதைக்கும் இடையில் எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே.